காலிப் பணியிடத்தில் மிச்சம் பிடிக்கும் பல்கலைக்கழகங்கள்

ஜனவரி பிறந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிதிப் பிரிவில் இரண்டு வேலைகள் ஒன்றாக ஓடும். ஒன்று நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு. இன்னொன்று ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம். இரண்டிலும் பேனா நின்றுபோகும் ஒரு வரி உண்டு: ‘மாநில அரசின் தொகுப்பு மானியம்’. நடப்புச் செலவுக்கு அரசு மொத்தமாகத் தரும் இந்தப் பணம் எவ்வளவு என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் போன ஆண்டு கேட்ட தொகையோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிடுவார்கள். போன ஆண்டு உண்மையில் கைக்கு வந்த தொகையை எழுதினால் பட்ஜெட் பற்றாக்குறையில் நிற்கும், ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் கேள்வி வரும். கூட்டி எழுதினால் கேள்வி வராது, அக்டோபரில் சம்பளத்துக்குப் பணம் இருக்காது.

மானியம் குறையப்போகிறது என்ற பேச்சு அடிபடும் ஆண்டில் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காகவும், அந்த முடிவுகளைப் பல்கலைக்கழகப் பேரவையான செனட்டில் கேள்வி கேட்க வேண்டியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் மற்றவற்றுக்கும் கதை பெரிதாக வேறுபடாது.

வரவு எங்கே போனது

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் தென்னிந்தியாவுக்கே தேர்வு நடத்தியது. அதன் சொந்த வருமானம் என்பது பெரும்பாலும் இணைப்புக் கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணமும், அங்கே படிக்கும் மாணவர்கள் கட்டும் தேர்வுக் கட்டணமும்தான். இந்த அடித்தளம் துண்டு துண்டாகக் கழன்றது. வேளாண்மை 1971இல் தனியே போனது. மருத்துவத்துக்கு 1988இல் தனிப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது. கால்நடை மருத்துவத்துக்கு 1989, சட்டத்துக்கு 1997, கல்வியியலுக்கு 2008. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் வந்தபோது கிண்டிப் பொறியியல் கல்லூரி போன்றவைதான் போயின. 2001இல் தனியார் பொறியியல் கல்லூரிகள் மொத்தமாக அங்கே மாறியபோது விழுந்த ஓட்டைதான் பெரியது. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் வடமாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளும் கைவிட்டுப் போயின.

பிரிந்ததில் தவறில்லை, பல பிரிவுகள் தேவையானவையே. ஆனால் பிரியும்போது வருமானம் போனதே தவிர, அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தை நடத்த எடுத்த ஆட்கள் இங்கேயே இருந்தார்கள். வேலையில் இருந்தவர்கள் இன்று ஓய்வூதியர்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அதைப் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து கொடுக்கிறது.

தன்னாட்சிக் கல்லூரிகள் இன்னொரு கணக்கு. 1978லேயே லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. கல்லூரி தன்னாட்சி பெற்றால் தேர்வை அதுவே நடத்தும், தேர்வுக் கட்டணமும் அதற்கே. பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது பட்டச் சான்றிதழ் கட்டணமும் இணைப்புக் கட்டணமும். நல்ல சேர்க்கை உள்ள நகரக் கல்லூரிகள்தான் முதலில் தன்னாட்சி பெறுகின்றன என்பதால், ஒரு கல்லூரி போனால் நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் தேர்வர்கள் போகிறார்கள்.

மத்திய அரசுப் பக்கமும் ஒரு கதவு சாத்தப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஒருமுறை கொடுத்துவந்த பொது வளர்ச்சி உதவி, 12ஆவது திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு நின்றது. ஏழாவது ஊதியக் குழுவின் சம்பள உயர்விலும் கூடுதல் செலவில் பாதியை 2016 ஜனவரியிலிருந்து 2019 மார்ச் வரை மட்டும் மத்திய அரசு ஏற்றது. அதற்குப் பின் முழுச் சுமையும் இங்கேதான்.

ஐம்பது விழுக்காட்டுக் கோடு

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட வரிப் பாக்கி ரூ.424 கோடி. ‘அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி’ என்றுதான் பலரும் கேட்டார்கள். மானிய வெட்டைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஏனென்றால் அரசு வெட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் இந்த ஆபத்து நிற்கிறது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(23சி) பிரிவில், முழுவதுமோ பெரும்பகுதியோ அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரி விலக்கு உண்டு. ‘பெரும்பகுதி’ என்றால் எவ்வளவு என்று நெடுங்காலம் தெளிவில்லை. 2014இல் விளக்கம் சேர்த்தார்கள், 2பிபிபி என்ற விதியும் வந்தது. அதன்படி அந்த ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டைத் தாண்டியிருக்க வேண்டும். மொத்த வரவில் நன்கொடைகளும் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த வரவு ரூ.200 கோடி, அதில் மானியம் ரூ.104 கோடி என்று வைத்துக்கொள்வோம். 52 விழுக்காடு, விலக்கு உண்டு. அரசு ரூ.10 கோடியை வெட்டுகிறது. மானியம் 94, மொத்தம் 190. விகிதம் 49.5. விலக்கு போயிற்று. வெட்டு விழவில்லை, ஆனால் விழலாம் என்று பயந்து கட்டணத்தை ஏற்றி ரூ.10 கோடி கூடுதலாகத் திரட்டினால்? 210இல் 104. அதுவும் 49.5தான். முன்னாள் மாணவர் சங்கம் கட்டடம் கட்ட ரூ.10 கோடி கொடுத்தாலும் இதே முடிவு. ‘சொந்தக் காலில் நில்லுங்கள்’ என்று அரசு சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டலாம்.

கோட்டுக்குக் கீழே போனால் உடனே வரி கட்டியாக வேண்டும் என்றில்லை. அறநிலையாகப் பதிவு பெற்று, அதாவது 12ஏ என்று இருந்து பிறகு 12ஏபி ஆன பதிவு இருந்து, வரவில் 85 விழுக்காட்டைக் கல்வி நோக்கத்துக்கே செலவழித்ததாகக் காட்டினால் வேறு வழியில் விலக்கு கிடைக்கும். இதற்கு மூன்று வேண்டும்: பதிவு, தணிக்கையாளரின் 10பி படிவம், கெடுவுக்குள் தாக்கலான ஐடிஆர்-7 என்ற வரிக் கணக்குப் படிவம். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. அரசு நிறுவனம்தானே என்ற நினைப்பில் பதிவே வாங்காமல் இருப்பது; மாநில அரசு செய்யும் உள்ளாட்சி நிதித் தணிக்கை முடிய ஆண்டுகள் ஆவதால் கணக்கு முடியவில்லை என்று வரிக் கணக்கைத் தள்ளிப்போடுவது. உள்ளாட்சி நிதித் தணிக்கை வேறு, பட்டயக் கணக்காளரின் வரித் தணிக்கை வேறு. முதலாவதுக்காக இரண்டாவதைக் காத்திருக்க வைக்கக் கூடாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. பழைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய சட்டத்திலேயே நடக்கும்.

ஆகவே நிதி அலுவலர் ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் ஒரே ஒரு விகிதத்தைப் போட்டுச் சிண்டிகேட்டில் வைக்க வேண்டும்: இதுவரை வந்த மானியம், இதுவரை வந்த மொத்த வரவு. டிசம்பர் முடிவில் அது 53ஐ விடக் குறைந்தால், அரசிடம் மீதித் தவணையை மார்ச் 31க்குள் விடுவிக்கக் கேட்பதற்கு வலுவான காரணம் கையில் இருக்கும். ஏப்ரல் 5ஆம் தேதி வரும் தவணை போன ஆண்டின் விகிதத்துக்கு உதவாமல் போகலாம். நிதித் துறைச் செயலாளருக்கு எழுதும் கடிதத்தில் ‘சம்பளம் கொடுக்க முடியவில்லை’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, ‘இந்த எட்டு கோடி மார்ச்சுக்குள் வராவிட்டால் மத்திய அரசுக்கு இவ்வளவு வரி போகும் வாய்ப்பு உண்டு’ என்ற ஒரு பத்தி வேலை செய்யும். எந்த மாநில நிதித் துறையும் தன் பணம் தில்லிக்குப் போவதை விரும்பாது.

ஜிஎஸ்டியையும் இதோடு சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு வரி உண்டு என்று 2024 அக்டோபரில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. இதை எதிர்த்து வழக்குகள் உண்டு. வழக்கு எப்படிப் போனாலும், இணைப்புக் கட்டண ஆணையில் ‘பொருந்தும் வரி தனி’ என்ற மூன்று சொற்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு வட்டியோடு கட்டுவது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம்.

நிரப்பாத நாற்காலியின் விலை

வெட்டு வந்தால் எல்லாரும் முதலில் கை வைப்பது நியமனத்தில். விளம்பரம் கொடுக்காமல் விட்டாலே போதும். தீர்மானம் வேண்டாம், போராட்டம் வராது, யாரும் வேலை இழப்பதில்லை. கணக்கும் பார்க்க நன்றாக இருக்கும். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.57,700. அகவிலைப்படியும் மற்றப் படிகளும் சேர்ந்தால் மாதம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு 2019இல் சொன்ன உச்சவரம்பே வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு ரூ.50,000. நடைமுறையில் அதையும் கொடுப்பதில்லை. ஆக ஓர் இடத்தைக் காலியாக வைத்தால் ஆண்டுக்கு ஐந்து லட்சமாவது மிச்சம் என்று தாளில் தெரியும்.

என் கருத்தில் இது பல்கலைக்கழகம் செய்யும் மிக விலை உயர்ந்த சிக்கனம். ஏனென்று ஒரு துறையை உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எட்டு ஆசிரியர் இடங்கள் ஒப்பளிக்கப்பட்ட ஓர் அறிவியல் துறை என்று வைத்துக்கொள்வோம். இருப்பவர்கள் மூவர்: 58 வயது, 59 வயதில் இரண்டு பேராசிரியர்கள், 44 வயதில் ஓர் உதவிப் பேராசிரியர். ஐந்து இடம் காலி. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். ஆனால் ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளர்களைச் சேர்க்கக் கூடாது. ஓய்வு வயது 60. எனவே இரண்டு பேராசிரியர்களின் பதினாறு இடமும் பூட்டு. துறை முழுக்கப் புதிதாகச் சேர்க்கக்கூடியவர்கள் அந்த ஒருவரிடம் மட்டும், அதிகபட்சம் நான்கு. அவரிடம் ஏற்கெனவே மூவர் இருந்தால் ஒன்று. கௌரவ விரிவுரையாளர்கள் ஐந்து பேர் இருந்தாலும் நெறியாளராக முடியாது.

இளநிலை ஆய்வு நல்கை வாங்கிய மாணவர் மாதம் ரூ.37,000 உதவித்தொகையைத் தன்னோடு கொண்டுவருகிறார். அது மத்திய அரசுப் பணம். அவருக்கு இந்தத் துறையில் நெறியாளர் இல்லையென்றால் ஐஐடிக்கோ மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ போவார். அவரோடு ஆய்வுக் கட்டுரைகளும் போகும். ஆய்வுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும் நிரந்தரப் பணியில் இருப்பவர் தேவை. திட்டப் பணத்தோடு வரும் மேற்செலவுத் தொகை ஆய்வகத்தின் கரண்ட் பில்லுக்கும் கண்ணாடிப் பொருள்களுக்கும் உதவிக்கொண்டிருந்தது, அதுவும் நிற்கும்.

சங்கிலி இதோடு முடியவில்லை. கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில், ஒப்பளிக்கப்பட்ட இடங்களில் எத்தனை விழுக்காடு முழுநேர ஆசிரியர்களால் நிரம்பியிருக்கிறது என்பது தனி அளவுகோல். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தைப் பார்க்கிறார்கள். சரி, மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், அது வெறும் பெருமைதானே என்று சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டுத் தொலைதூரக் கல்வி விதிகளின்படி அந்தப் படிப்புகளை நடத்த நாக் மதிப்பெண் 4க்கு 3.01 இருக்க வேண்டும், அல்லது என்ஐஆர்எஃப் முதல் நூறில் வந்திருக்க வேண்டும். தொலைதூரக் கல்வி நிறுவனம் பல மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு உபரி தரும் அரிய பிரிவு. சென்னையில் 1981 முதல் இருக்கிறது. காலி நாற்காலியில் மிச்சம் பிடித்த லட்சங்கள் ஒருநாள் இந்த வாசலில் கோடிகளாகக் கணக்குத் தீர்க்கும். அந்தச் செலவு நியமனத்தை நிறுத்தியவரின் பதவிக் காலத்தில் வருவதில்லை, அதனால்தான் யாரும் அஞ்சுவதில்லை.

அதற்காக எல்லா இடத்தையும் ஒரே நாளில் நிரப்பச் சொல்லவில்லை, பணமும் இல்லை. துறைவாரியாக ஒரு தாள் போதும். ஒவ்வொரு துறைக்கும் ஒப்பளிக்கப்பட்ட இடம், நிரம்பியது, 57 வயதைத் தாண்டியவர்கள், புதிய ஆய்வாளரைச் சேர்க்க மிச்சமுள்ள இடம் என்று நான்கு எண்கள். நான்காவது எண் பூச்சியமோ ஒன்றோ உள்ள துறைகளுக்குத் தலா ஓர் இடம், அதுவும் உதவிப் பேராசிரியர் நிலையில். பேராசிரியர் இடத்தை விளம்பரப்படுத்தினால் செலவும் கூட, அவர் ஓய்வுக்கும் பக்கத்தில் இருப்பார். எந்த இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று சொல்லும் இனச்சுழற்சிப் பட்டியலை முதலில் சரிபார்த்து ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். விளம்பரத்துக்குப் பின் சுழற்சியில் பிழை கண்டால் வழக்கு வரும், வழக்கு வந்தால் ஆண்டுகள் போகும். அரசின் முன் அனுமதி இல்லாமல் நியமித்தால் அந்தச் சம்பளத்தை உள்ளாட்சி நிதித் தணிக்கை ஏற்காது. தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபணை, ஏறும், அந்தத் தொகை மானியத்தில் பிடித்தமாகும். பழைய தடைகளில் பாதிக்கு மேல் ‘அனுமதி ஆணை கோப்பில் இல்லை’ என்ற வகை. ஆணை வேறொரு பிரிவின் பீரோவில் இருக்கும். தேடி எடுத்துக் கொடுத்தால் தீரக்கூடிய தடைகளுக்காக மானியத்தை இழப்பதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. ஓய்வு பெற்ற இரண்டு கண்காணிப்பாளர்களை ஆறு மாதம் தொகுப்பூதியத்தில் அமர்த்தி இந்த வேலையைக் கொடுக்கலாம். சம்பளத்தைப்போலப் பல மடங்கு திரும்ப வரும்.

ஓய்வு பெறும் நாளின் பில்

ஓய்வூதியம் எதிர்பாராத செலவு என்று பட்ஜெட் உரைகளில் எழுதுகிறார்கள். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. அடுத்த ஐந்து ஆண்டில் எந்த மாதம் யார் ஓய்வு பெறுவார் என்பது இன்றே தெரியும். எதிர்பாராதது எதுவும் இதில் இல்லை.

ஒருவர் 33 ஆண்டு பணி முடித்து, அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து ரூ.1,20,000 வாங்கும் நிலையில் ஓய்வு பெறுகிறார். பணிக்கொடை என்பது முடிந்த ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாதச் சம்பளம், அதிகபட்சம் பதினாறரை மாதம்: ரூ.19.8 லட்சம், அரசு வகுத்த உச்சவரம்புக்கு உட்பட்டு. ஈட்டிய விடுப்பு 240 நாள் ஒப்படைப்பு என்றால் எட்டு மாதச் சம்பளம்: ரூ.9.6 லட்சம். இரண்டும் சேர்ந்து ரூ.29.4 லட்சம். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெறுவது இதற்கு மேல். ஓர் ஆண்டில் இருபது பேர் இப்படி ஓய்வு பெற்றால் முதல் இரண்டு இனங்களுக்கே ஐந்தே முக்கால் கோடிக்கு மேல் ரொக்கமாக வேண்டும்.

இதை ஒத்திப்போடலாம் என்பதுதான் பல்கலைக்கழகங்கள் செய்யும் இரண்டாவது தவறான சிக்கனம். ஓய்வு பெற்றவர் நீதிமன்றம் போவார், வட்டியோடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வரும், கொடுக்காவிட்டால் அவமதிப்பு வழக்கில் பதிவாளர் நேரில் நிற்க வேண்டும். அந்த நாளில் பணம் எங்கிருந்தாவது எடுக்கப்படும். அந்த ‘எங்கிருந்தாவது’ பெரும்பாலும் கொடைநிதி வைப்புத்தொகை. யாரோ ஒரு தமிழறிஞர் பெயரில் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்த அவர் குடும்பம் கொடுத்த பணம், முதிர்வுக்கு முன்பே உடைக்கப்படுகிறது. வட்டி குறைகிறது, அபராதம் பிடிக்கப்படுகிறது, சொற்பொழிவு நிற்கிறது. அடுத்த முறை கொடையாளர் யாரும் வரமாட்டார். இதற்குத் தீர்வு கணக்கில் இல்லை, வங்கிக் கணக்கில் இருக்கிறது: கொடைநிதி, ஓய்வூதிய நிதி, ஆய்வுத் திட்டப் பணம், நடப்புச் செலவு ஆகியவை தனித்தனிக் கணக்குகளில் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றச் சிண்டிகேட் தீர்மானம் வேண்டும். ஆய்வுத் திட்டப் பணத்தைத் தொட்டால் இன்னும் மோசம். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க முடியாது, செலவாகாத தொகையையும் அதன் வட்டியையும் மத்திய அரசு திரும்பக் கேட்கும், அந்த ஆசிரியருக்கு மட்டுமன்றி நிறுவனத்துக்கே அடுத்த திட்டம் சிக்கலாகும்.

வெட்டக்கூடியவை

வெட்டக்கூடாததையே சொல்லிக்கொண்டிருந்தால் நிதிப் பிரிவில் உள்ளவர்கள் சிரிப்பார்கள்.

நூலகத்தில் இப்போது மெய்யான மிச்சம் இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ரூ.6,000 கோடி ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் 2025 ஜனவரியிலிருந்து அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்களும் இதில் உண்டு. அப்படியிருக்க அதே இதழ்களுக்குத் துறைகள் தனியாகச் சந்தா கட்டுவது வீண். புதுப்பிப்புக் கடிதங்கள் வரும் அக்டோபர், நவம்பரில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து அடித்தால் போதும். ஆனால் நூலகப் பட்ஜெட்டை ஒட்டுமொத்தமாகப் பாதியாக்கிவிடக் கூடாது. தமிழ், வரலாறு, தொல்லியல் துறைகளுக்கு வேண்டிய அச்சு இதழ்களும் நூல்களும் அந்தத் திட்டத்தில் இல்லை. ஒதுக்கீடும் 2027 வரைக்கானது. மிச்சத்தில் ஒரு பங்கைப் பழைய இதழ்த் தொகுதிகளைப் பைண்டிங் செய்ய ஒதுக்கினால் நல்லது. பைண்டிங்குக்குப் பணம் இல்லாமல் உதிரும் தொகுதிகளை எந்தச் சந்தாவும் திரும்பக் கொடுக்காது.

மின்சாரம். உயரழுத்த இணைப்பில் ஒப்பந்த மின்தேவை என்று ஓர் எண் உண்டு; ஒரே நேரத்தில் அதிகபட்சம் இவ்வளவு மின்சாரம் எடுப்போம் என்று மின்வாரியத்தோடு செய்த ஒப்பந்தம் அது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அதில் 90 விழுக்காட்டுக்குத் தேவைக் கட்டணம் கட்டியாக வேண்டும். கணினி மையமும் விடுதியும் நிறைந்திருந்த காலத்தில் வாங்கிய ஒப்பந்தம் இன்றும் அப்படியே இருக்கும். கடந்த பன்னிரண்டு பில்லில் பதிவான உச்ச மின்தேவையைப் பாருங்கள். அது ஒப்பந்தத்தில் அறுபது, எழுபது விழுக்காட்டைத் தாண்டவே இல்லை என்றால் குறைக்க விண்ணப்பிக்கலாம். எடுக்கும் மின்சாரம் எவ்வளவு பயனாகிறது என்று காட்டும் மின்திறன் காரணி 0.90க்குக் கீழே போய் அபராதம் விழுகிறதா என்பதும் அதே பில்லில் இருக்கும். கெபாசிட்டர் பழுதானதைப் பொறியாளர் பிரிவு கவனிக்காமல் மாதாமாதம் அபராதம் கட்டும் வளாகங்கள் உண்டு.

புதிய கட்டடம் வேண்டவே வேண்டாம். யாரோ முழுப் பணமும் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். பராமரிப்பு, காவல், மின்சாரம் எல்லாம் நடப்புச் செலவில் ஏறும், நன்கொடையோ விகிதக் கணக்கில் இடிக்கும்.

சிறிய துறைகளை மூடுவது பற்றியும் பேச்சு வரும். சென்னையில் எழுபதுக்கும் மேற்பட்ட துறைகள் இருக்கின்றன. சிலவற்றில் ஓரிரு ஆசிரியர்களே. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023இல் 4.5 கோடி டாலர் பற்றாக்குறையைக் காட்டி 28 முதன்மைப் பாடப் பிரிவுகளை மூடியது, 143 ஆசிரியர் பணியிடங்களை நீக்கியது. அங்கே துறையை மூடினால் ஆளை வெளியேற்றலாம். இங்கே நிரந்தர ஆசிரியரை அப்படி அனுப்ப முடியாது. துறையை மூடினாலும் சம்பளம் தொடரும், மாணவர் கட்டணம் மட்டும் நிற்கும். 2013இல் அரசு எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருந்ததற்கும் பணிநிரவல்தான் வழியானது. ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அதற்கு அரசாணை வேண்டும், அரசின் விருப்பம் வேண்டும். பல்கலைக்கழகம் தனியாகச் செய்யக்கூடியது இரண்டு சிறு துறைகளுக்கு ஒரே அலுவலகம், ஒரே உதவியாளர் என்று நிர்வாகத்தை இணைப்பது. பாடத்தை விட்டுவிட வேண்டியதில்லை.

தேர்வுப் பிரிவைத் தொடவே கூடாது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வந்த ஆசிரியர்களுக்கு உழைப்பூதியத்தை இரண்டு பருவம் நிறுத்திப் பாருங்கள். மூன்றாவது பருவம் பாதிப் பேர் வரமாட்டார்கள். முடிவு ஒன்றரை மாதம் தள்ளும், மேற்படிப்புச் சேர்க்கை தவறும், இணைப்புக் கல்லூரிகள் தன்னாட்சிக்கு விண்ணப்பிக்க அதுவே கூடுதல் காரணமாகும். பிறகு தேர்வுக் கட்டணமே வராது.

நாள்காட்டி

மானியம் எவ்வளவு என்று தெரியாத ஆண்டில் ஒரே பட்ஜெட் போடுவது சூதாட்டம். மூன்று போட வேண்டும்: போன ஆண்டு உண்மையில் வந்த அளவு, அதில் பத்து விழுக்காடு குறைவு, இருபது விழுக்காடு குறைவு. ஒவ்வொன்றிலும் எந்தச் செலவு எந்த வரிசையில் நிற்கும் என்பதை நிதிக் குழு பிப்ரவரியிலேயே தீர்மானமாக எழுதிவிட வேண்டும். ஆகஸ்டில் பணம் இல்லாதபோது கூடிப் பேசினால், யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் துறை பிழைக்கும்.

தேர்தல் ஆண்டுகளில் இன்னும் கவனம் தேவை. 2021இல் பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், திருத்திய பட்ஜெட் ஆகஸ்ட் 13இல்தான். அப்படிப்பட்ட ஆண்டில் மானியம் கூடுமா குறையுமா என்பது ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை தெரியாது. ஐந்து மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் கையில் என்ன இருக்கிறது என்பதை மார்ச்சிலேயே பார்த்து, வைப்புத்தொகைகளின் முதிர்வு நாள்களை மே, ஜூன், ஜூலை என்று பிரித்துப் போட்டால் முன்கூட்டி உடைக்க வேண்டியிருக்காது. எல்லா வைப்பையும் ஒரே நாளில் ஒரே காலத்துக்குப் போடுவது நிதிப் பிரிவின் சோம்பல், வேறொன்றுமில்லை.

வரவுப் பக்கத்தில் ஒரு மாற்றத்தையும் சேர்க்க வேண்டும். ஆதிதிராவிட மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 விழுக்காடு 2021-22 முதல் நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்த பிறகே அது வரும். முன்பு மொத்தமாக நிறுவனத்துக்கு வந்த பணம் இது. பட்ஜெட்டில் இன்னும் பழையபடி ‘அரசிடமிருந்து வரவேண்டியது’ என்று எழுதியிருந்தால் அது வராது. அதற்காக அந்த மாணவரின் மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைப்பதும் கூடாது, சட்டப்படியும் நிற்காது. பணம் கணக்கில் ஏறும் மாதத்தில் துறை அலுவலகம் மாணவருக்குச் சொல்லி வாங்க வேண்டும், தவணை கொடுக்க வேண்டும். ஒருவர் அந்த வேலையைப் பார்த்தால் வசூலாகும், பார்க்காவிட்டால் நிலுவைப் பட்டியலில் நிற்கும்.

இத்தனைக்கும் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பின் ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகத்தைப் பார்த்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 8 தீர்ப்புக்குப் பின் நடைமுறைக்கு வந்த, துணைவேந்தரை அரசே நியமிக்க வழிசெய்யும் சட்டங்களை மே 21இல் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. குழு சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும், தேர்வை நடத்தும். நான்கு எண்கள் உள்ள அந்தத் தாளைப் பார்த்து, இந்தத் துறைக்கு ஓர் இடம், அந்தத் துறைக்கு இப்போது இல்லை என்று எழுதி, அதற்காகத் திட்டும் வாங்கத் துணைவேந்தர் ஒருவர் தேவை. துணைவேந்தர் இல்லாத காலத்தில் சிண்டிகேட் உறுப்பினர்கள் செய்யக்கூடியது ஒன்று: ஒவ்வொரு கூட்டத்திலும் மானிய விகிதத்தையும் காலிப் பணியிடப் பட்டியலையும் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்பது. உயர்கல்வித் துறைச் செயலாளரும் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். குறிப்பேட்டில் ஏறிய எண்ணைத் தணிக்கையும் படிக்கும், நீதிமன்றமும் படிக்கும்.